தாவூத் பார்த்து வைத்த தண்ணீர்

பொன்னாடை போர்த்தியபோதே சேக் தாவூத் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கே விழிப்பது? தோளில் பட்டு விழுந்த பிறகு நம் ஆட்களில் எவனுக்கு மூளை வேலை செய்திருக்கிறது, சொல்லுங்கள். உச்சி குளிர்ந்துபோய், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

இது நடந்தது நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில், பத்மநாபன் வீட்டு பேஸ்மென்ட்டில், இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷக் கடைசியில். வழக்கமான பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவதுதான். பத்மநாபன் மனைவி ஷ்யாமளாவின் புளியோதரையும் அவியலும் ஒரு மேஜையில். தாவூத் மனைவி பத்ருன்னிசா கொண்டுவந்த பிரியாணி, மரியாதையான தூரத்தில், இன்னொரு மேஜையில். சாப்பாட்டுக்கு முன்னால் பத்மநாபன் கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டான். இந்தியக் கடைத்தெருவான ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டில் கடை கடையாக ஏறித் தேடிய மெரூன் நிறப் பொன்னாடை அவன் கையில் இருந்தது.

“எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்கோ. நம்ம தாவூத் இனிமே சாதாரண ஆள் இல்லை. அடுத்த ஜூன்ல நடக்கப்போற ஃப்ளை ஃபிஷிங் சாம்பியன்ஷிப்புக்கு வென்யூ சேர்மன்! எந்த ஆறு, எந்த ஏரின்னு இவன்தான் முடிவு பண்ணப்போறான். வெள்ளைக்காரனுக்கே தண்ணி காட்டப்போறான்!”

ஒரே சிரிப்பு, கைதட்டல். தாவூத்தின் மகள் ஃபைஹா மட்டும், பதின்மூன்று வயசுக்கே உரிய அலுப்போடு, “அத்தா, யூ லுக் லைக் எ கர்ட்டன்” என்றாள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தூண்டிலில் புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி ஒரு பொய்ப்பூச்சி செய்வார்கள். அதுதான் ஃப்ளை. அதைச் சாட்டை வீசுவதுபோல் வீசி, நிஜப் பூச்சிதான் தண்ணீரில் வருகிறது என்று ட்ரவுட் மீனை நம்பவைக்க வேண்டும். போட்டியென்றால் ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டைக் குலுக்கல் போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் பீட். பக்கத்திலேயே கண்ட்ரோலர் என்று ஒரு நடுவர் நிற்பார். பிடித்த மீனை அவர் அளந்து குறித்துக்கொண்டதும், உயிரோடு தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும்.

விட்டுவிட வேண்டும் என்பதுதான் பத்ருன்னிசாவுக்குப் பொறுக்கவே பொறுக்காது. “ஒன்றரை மணி நேரம் டிரைவ் பண்ணிப் போயி, இடுப்பளவு தண்ணில நின்னு, பிடிச்ச மீனையெல்லாம் திருப்பி விட்டுட்டு வந்து, ‘பத்ரு, பசிக்குது, மீன் கொழம்பு இருக்கா’ன்னு கேக்குற ஒரே மனுஷன் இந்த துனியாவுலயே நீங்கதாங்க” என்பாள்.

பத்மநாபன் கதை நேர் எதிர். முட்டை கலந்த கேக்கைக்கூட வீட்டுக்குள் விடாத ஆள், மீன் பிடிக்கிறான் என்று கேள்விப்பட்டதும் ஷ்யாமளாவின் அம்மா மெட்ராஸிலிருந்து போனிலேயே அழுதாளாம். “சாப்ட்டாத்தானே பாவம்? நான் கை குலுக்கிட்டு அனுப்பிச்சுடறேன்” என்று மாமியாருக்குச் சமாதானம் சொன்னான்.

அவனை இதில் இழுத்துவிட்டதே தாவூத்தான். இரண்டாயிரத்து இரண்டில் பத்மநாபனுக்கு வேலை போயிற்று. மாதக்கணக்கில் பைஜாமாவை மாற்றாமல் சோபாவில் கிடந்தான். ஷ்யாமளா கண்ணைக் கசக்கிக்கொண்டு பத்ருன்னிசாவிடம் வந்து நின்றாள். தாவூத் மறுநாளே போய் அவனை எழுப்பி, “கிளம்புடா, மீன் ரெஸ்யூமே கேக்காது” என்று காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ராரிட்டன் ஆற்றுக்குப் போனான். தன் பழைய தூண்டில் கம்பை, அந்த ராடை, அவன் கையில் கொடுத்தான். முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தான். அன்றைக்கு ஒரு மீன் மாட்டியதும் பத்மநாபன் சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று கத்தினான். அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் ஒரே காரில்தான் போவார்கள். அந்த ஊர் மீன்பிடிக் கிளப்பிலும் ஒன்றாகவே சேர்ந்தார்கள். கிளப் தலைவர் வாலஸுக்கு இவர்கள் பெயர் வாயில் நுழையவில்லை. தாவூத்தை டேவ் ஆக்கினார். பத்மநாபனை பேடி ஆக்கினார்.

இப்போது தாவூத்தின் ஆசையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதுதான். அவனுக்குப் பரிசும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். இரண்டாயிரத்து ஒன்று செப்டம்பருக்கு அப்புறம் விமான நிலைய ஒலிபெருக்கியில் ‘சேக் தாவூத்’ என்று கேட்டாலே பத்ருன்னிசா மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் பையைத் தங்கள் பக்கம் நகர்த்திக்கொள்வார்கள். தனி அறை, அதே கேள்விகள், கடைசியில் ஒரு “தேங்க் யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்.” மூன்று வருஷம் முன்னால் பென்சில்வேனியாவில் ஒரு சாம்பியன்ஷிப்பை வேடிக்கை பார்க்கப் போயிருந்தான். அங்கே போட்டியாளர்களை ஒவ்வொருவராக ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பெயர் வந்தவன் ராடோடு ஆற்றுப் பக்கம் நடந்தான், ஜனங்கள் கைதட்டினார்கள். தாவூத்துக்கு அங்கேதான் அந்த ஆசை பிடித்தது. ஒரே ஒரு தடவை தன் முழுப் பெயரையும் அப்படிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டதும் யாரும் பையை நகர்த்தாமல் கை தட்ட வேண்டும். இதை அவன் மனைவியிடம் சொன்னதில்லை. பத்மநாபனிடம் சொல்லியிருந்தான்.

போட்டியை நடத்துகிற கிளப்புக்குக் கலந்துகொள்ள இரண்டு இடம் உண்டு. ஒன்று வாலஸுக்கு என்பதில் பேச்சே இல்லை. இன்னொன்று தாவூத்துக்குத்தான் என்று கிளப்பே சொல்லிக்கொண்டிருந்தது. அவனுக்கு அடுத்தபடி கைதேர்ந்தவன் பத்மநாபன். அந்த நேரத்தில்தான் கிளப் கூட்டத்தில் பத்மநாபன் எழுந்து, “வென்யூ சேர்மனாக டேவைவிடத் தகுதியான ஆள் யார்?” என்று முன்மொழிந்தான். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தாவூத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரி சென்னை மண்ணடியில் இருக்கிற தம்பி வரைக்கும் போன் போட்டுச் சொன்னான்.

வென்யூ பார்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை. எந்த பீட் எவனுக்கு விழுந்தாலும், ‘எனக்குக் குடுத்த இடத்துல மீனே இல்லை’ என்று அவன் சொல்லக்கூடாது. ஒவ்வொரு பீட்டிலும் ஆழமும் வேண்டும், ஓட்டமும் வேண்டும், மீன் ஒதுங்க ஒரு மறைவும் வேண்டும். வண்டி நிறுத்த இடம் வேண்டும். தனியார் நிலமென்றால் அவர்கள் சம்மதம் வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க தாவூத் சனியும் ஞாயிறும் வீட்டில் தங்கவில்லை. ஹிக்கரி ஏரி என்று ஒன்று, தனியாருக்குச் சொந்தமானது. சொந்தக்காரி மிஸஸ் ஹாலோவே ஒரு கிழவி, கேட்டைக்கூடத் திறக்க மாட்டேன் என்றாள். தாவூத் விடவில்லை. பத்ருன்னிசாவின் சமோசாவோடு போய், அவள் பேச்சையெல்லாம் காது கொடுத்துக் கேட்டான். கரையில் முட்டையிடுகிற வாத்துகளை யாரும் தொந்தரவு பண்ணிவிடுவார்களோ என்பதுதான் அவள் பயம். வடக்குக் கரைப் பக்கம் ஒரு படகும் வராது என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் கேட் திறந்தது.

ஆற்றில் ஏழாவது பீட்டைப் பற்றி மட்டும் வாலஸுக்கும் அவனுக்கும் தகராறு. எதிர்க்கரையில் ஒரு பெரிய பாறை, பாறையடியில் கறுப்பாக ஆழம். பார்க்கிறவன் எவனும் அங்கேதான் தூண்டிலை வீசுவான். இந்தப் பக்கமோ கணுக்கால் தண்ணீர், கூழாங்கல்லை எண்ணிவிடலாம். “ஜூன் சூட்டில் அந்தப் பாறை ஆழம் செத்த தண்ணீர் ஆகிவிடும், அங்கே ஒரு மீன் நிற்காது. அந்த பீட்டை விட்டுவிடு டேவ்” என்றார் வாலஸ். ஆனால் ஜனவரிப் பனியில், கரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தபோது, இந்தப் பக்கத்துக் கணுக்கால் தண்ணீரில் ஒரு ஆள் நீளத்துக்கு மட்டும் பச்சைப் பசேலென்று இலை முளைத்து நின்றதை தாவூத் பார்த்திருந்தான். கையை விட்டுப் பார்த்தான். அந்த இடத்தில் ஊற்று. குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி ஊறுகிற தண்ணீர். அப்படியானால் ஜூனில் ஆறெல்லாம் கொதிக்கும்போது, குளிர்ச்சி தேடி ட்ரவுட் எங்கே வரும்? இங்கேதான் வரும். மீன் இருக்கு, பீட் இருக்கட்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். எங்கே இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் குளிரில்தான் ஒரு நாள் பாலத்தின் மேல் நின்று, கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு போலீஸ் கார் வந்து நின்றது. தண்ணீரில் என்ன கலக்கிறாய் என்றார் அதிகாரி. லைசென்ஸில் பெயரைப் பார்த்ததும் குரல் மாறியது. விரல் மரத்துப்போகும் வரை பனியில் நிறுத்திவைத்து, யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். வீட்டில் சொன்னால் பத்ருன்னிசா வாசலைத் தாண்ட விடமாட்டாள். பத்மநாபனிடம் மட்டும் சொன்னான்.

“விட்டுத் தள்ளுடா. நீ சேர்மன். இதையெல்லாம் பாத்தா ஆகுமா?” என்று பத்மநாபன் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

அந்தக் கையை நினைத்தால்தான் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

ஏப்ரலில், தீயணைப்பு நிலைய ஹாலில், கிளப் கூட்டம். வாலஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிவித்தார். நம் கிளப் சார்பில் நான், அப்புறம் பேடி. கைதட்டினார்கள். ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று நினைத்து, தாவூத் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான்.

வாலஸ் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அப்புறம் அன்பாகவே சிரித்தார். “டேவ், தண்ணீரைத் தேர்ந்தெடுத்தவனே நீதானே! அதில் நீ எப்படிப் போட்டி போட முடியும்? விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறதே. டிசம்பரிலிருந்து உனக்குத் தெரிந்ததுதானே?”

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்தத் தண்ணீரில் ஒரு தடவைகூடத் தூண்டில் போடாமல் இருந்தால் போதும் என்று நினைத்து, வாயில் எச்சில் ஊற, கையைக் கட்டிக்கொண்டு கரையிலேயே நடந்திருக்கிறான் அந்தப் பைத்தியக்காரன். இதற்கு நான் அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் சங்கங்களில் என்ன வழக்கம்? பாட்டுப் போட்டி நடத்துகிற செயலாளரின் மகள்தான் முதலில் பாடுவாள், முதல் பரிசும் அவளே வாங்குவாள். விழாவை நடத்துகிறவனுக்கு மேடையில் இடம் இல்லை என்று நம்மில் எவனாவது கேள்விப்பட்டிருக்கிறானா? சேர்மன் என்றதும் இன்னொரு நாற்காலி கூடுதலாகக் கிடைத்ததாகத்தான் தாவூத் நினைத்தான். உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பிடுங்கிவிட்டுத்தான் அதைக் கொடுத்தார்கள் என்று அவனுக்கு உறைக்கவில்லை.

“ஆமாம், ஆமாம், தெரியும்” என்று எல்லாருக்கும் பல்லைக் காட்டிவிட்டு உட்கார்ந்தான். பத்மநாபன் காபிக் கோப்பைக்குள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தான். சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை அவனுக்கு. டிவி வாங்கினால் அதோடு வருகிற புத்தகத்தைக் கடைசி வரி வரை படிக்கிற ஆள். அவன் முதல் பக்கத்தைப் படிக்கவில்லை என்றால் காதில் பூ வைத்தவன்தான் நம்புவான்.

இரண்டு பேரும் வந்தது ஒரே கார். திரும்பவும் அதே காரில்தான் போக வேண்டும். தாவூத் காரை ஹைவேயில் ஏற்றினான்.

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டா” என்று பத்மநாபனே ஆரம்பித்தான்.

“எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்.”

“ரூல் புக் எல்லாருக்கும்தானே குடுத்தா? நீ படிக்காததுக்கு நான் என்ன பண்றது?”

“பொன்னாடை போர்த்தினியேடா! அத்தனை பேருக்கு முன்னாடி, என் பொண்ணு முன்னாடி. அப்போ சொல்ல வேண்டியதுதானே?”

பத்மநாபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும், வேறு யாரிடமோ பேசுவதுபோல, “எல்லாத்துலயும் நீதான் ஃபர்ஸ்ட்டு. என்னைக் கூட்டிண்டு போனதும் நீ, ராட் குடுத்ததும் நீ. கிளப்ல ஒவ்வொருத்தன்கிட்டயும் ‘பேடியைக் காப்பாத்தினது டேவ்தான்’னு ஒரு கதை. எனக்குன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வேணும்னு இருந்துது. தப்பா?” என்றான்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா.”

“அதான்டா. அதுவும் நீ குடுத்ததா ஆயிருக்கும்.”

கேட்டிருந்தால் நிஜமாகவே கொடுத்திருப்பானா என்று தாவூத் தன்னையே கேட்டுப் பார்த்தான். கொடுத்திருக்க மாட்டான். அது தெரிந்ததும் எரிச்சல் இன்னும் கூடியது. பத்மநாபன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அவன் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் கிளப்பிக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவர்கள் ஒரே காரில் போகவில்லை.

வீட்டுக்கு வந்து பத்ருன்னிசாவிடம் நடந்ததைச் சொன்னான். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள். “கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான் அந்த மனுஷன். வேலை போயி கெடந்தப்போ அவங்க வீட்டுக்கு நான் எத்தனை நாள் சோறு ஆக்கிக் கொண்டுபோயிருப்பேன், பூண்டுகூடப் போடாம! அந்தத் துண்டைக் கொண்டுபோயி அவங்க வாசல்ல வீசிட்டு வரவா?”

“வேணாம். விடு.”

அவள் விடவில்லை. பொன்னாடையை எடுத்துக்கொண்டு போய் கராஜ் தரையில் விரித்தாள். சேறும் சகதியுமாக இருந்த அவன் ரப்பர் பூட்ஸை அதன்மேல் வைத்தாள். ஃபைஹா, “ஜஸ்ட் க்விட், அத்தா” என்றாள். அவனும் அதைத்தான் நினைத்தான். ஆனால் விட்டுவிட்டுப் போனால், இடம் கிடைக்காத கோபத்தில் போனான் என்று பேசுவார்கள். அதோடு அது அவன் பார்த்து வைத்த தண்ணீர். வேறு எவனோ கண்டபடி பிரித்துக் கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜூன் வரைக்கும் வேலை செய்தான்.

ஜூனில் வெயில் அந்த வருஷம் கொளுத்தியது. காலையில், போட்டித் திடலில், ஒலிபெருக்கி முழங்கியது. அறிவிப்பாளர் ஒரு பெண். பெயரை எப்படிச் சொல்வது என்று முன்னாலேயே கேட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது. பேடி இல்லை, கீடி இல்லை. “பத்மநாபன் ஸ்ரீநிவாசன், நியூ ஜெர்சி!” என்று ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்தாள். ஜனங்கள் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். பத்மநாபன் தாவூத் கொடுத்த அதே பழைய ராடைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நடந்தான். தாவூத் தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். கையில் இருந்த பாட்டில் நசுங்கியது.

சும்மா சொல்லக்கூடாது, பத்மநாபன் நன்றாகவே பிடித்தான். ஹிக்கரி ஏரிச் சுற்றில், படகிலிருந்து பிடித்ததில், அவன் மூன்றாவதாக வந்தான். முதல் ஆற்றுச் சுற்றிலும் தேறினான். மறுநாள் கடைசிச் சுற்று. அதில் ஒரே ஒரு மீன் அளந்துவிட்டால் போதும், தேசியப் போட்டிக்குப் போய்விடுவான். பூஜ்யம் மட்டும் வாங்கக்கூடாது. குலுக்கலில் அவனுக்கு விழுந்தது ஏழாவது பீட்.

விதி விளையாடுவது போதாதென்று, தன் சுற்றை முன்னாலேயே முடித்துவிட்ட வாலஸும் விளையாடினார். ஏழாவது பீட்டுக்கு வரவேண்டிய கண்ட்ரோலர் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார், வேறு ஆள் இல்லை. “டேவ், நீ போ. பேடி ரொம்பப் பதட்டமாக இருக்கிறான். உன்னைப் பார்த்தால் தெம்பாக இருக்கும்.”

தாவூத் போனான். அளவுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கரைக் கல்லில் உட்கார்ந்தான். கண்ட்ரோலர் மீனை அளக்கலாம், நேரம் சொல்லலாம். எங்கே போடு என்று மட்டும் சொல்லக்கூடாது. ஹாரன் ஊதியதும் பத்மநாபன் நேராகப் பாறையடி ஆழத்துக்குப் போனான். எதிர்பார்த்ததுதான். வீசினான், வீசினான், தோள்பட்டை கழன்றுவிடும்போல வீசினான். பூச்சியை மாற்றினான், கயிற்றை மாற்றினான். ஒன்றும் அசையவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. பக்கத்து பீட்டில் மீன் மாட்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவன் கழுத்து திரும்பியது.

கடைசியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தாவூத் பக்கம் வந்தான். பக்கத்து பீட்டு நடுவர் கூப்பிடு தூரத்தில்தான் நின்றார். பத்மநாபன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, அமெரிக்காவில் நம்மாட்கள் எல்லாரும் செய்கிற காரியத்தைச் செய்தான். தமிழில் பேசினான்.

“தாவூத், எங்கடா இருக்கு?”

தாவூத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“நீதானே இந்த எடத்தைப் பாத்தே. மீன் இல்லாத பீட்டை வைக்கிற ஆளில்லை நீ. ப்ளீஸ்டா. ஒண்ணே ஒண்ணு போறும்.”

அளவுப் பலகையின் விளிம்பைத் தாவூத் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். பாலத்தில் பனியில் நின்றபோதுகூட அவன் யாருக்கும் பொய் சொன்னதில்லை, எந்த விதியையும் மீறினதில்லை. இப்போது மீறினான். ஏன் மீறினான் என்று அந்த நிமிஷத்தில் அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. நேரத்தைச் சொல்கிற குரலில் சொன்னான்.

“உனக்குப் பின்னாடி. இந்தக் கரை ஓரம். அந்தப் பச்சை எலை தெரியுதில்ல, அதை ஒட்டினாப்ல போடு.”

பத்மநாபன் திரும்பிப் பார்த்தான். கணுக்கால் தண்ணீர். அடியில் கூழாங்கல் பளபளத்தது. மீன் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்புறம் தாவூத்தின் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மெல்ல அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

“என்னை அவ்ளோ கேனையன்னு நெனச்சுட்டே இல்ல? நான் இங்க போட்டு மிச்ச நேரத்தையும் வீணாக்கணும். அதானே?”

“உன் இஷ்டம்.”

“ஏப்ரல்லேர்ந்து இதுக்குத்தான் காத்துண்டு இருந்திருக்கே. தெரியும்டா எனக்கு.”

மறுபடியும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பாறைக்கே போனான். தாவூத் தடுக்கவில்லை, இன்னொரு தரம் சொல்லவும் இல்லை. பத்மநாபன் ஹாரன் ஊதும்வரை அந்தச் செத்த தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தான்.

பூஜ்யம். தாவூத் மீன் கணக்கு அட்டையை நீட்டினான், பத்மநாபன் கையெழுத்துப் போட்டான். வெயிலில் கன்றிப்போன முகம் இன்னும் சிவந்திருந்தது. போட்டி முடிந்தது, இனி விதி எதுவும் இல்லை. தாவூத் அளவுப் பலகையைக் கல்மேல் வைத்துவிட்டு, பத்மநாபன் கையிலிருந்த ராடை, தன் பழைய ராடை, வாங்கினான். கரையில் முட்டி போட்டு உட்கார்ந்தான். வீசக்கூட இல்லை, பச்சை இலையின் ஓரமாகப் பூச்சியை மெதுவாக இறக்கினான்.

தண்ணீர் உடைந்தது. ராட் வளைந்தது. முழங்கை நீள ட்ரவுட் ஒன்று வெயிலில் துள்ளி விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு மூன்று நிழல்கள் இலைக்கடியிலிருந்து விலகி ஓடின. ஆறு மாதமாகக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்த தண்ணீர், அவன் போட்ட முதல் தூண்டில். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. மீனைப் பலகையில் வைத்து அளந்தான், பழக்கம். குறித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று ஞாபகம் வந்ததும் தண்ணீரில் விட்டான்.

பத்மநாபன் கரையில் பிடித்துவைத்தாற்போல் நின்றிருந்தான்.

“நெஜமாவே அங்கதான் இருந்துதா?”

“ஆமா.”

“அப்போ நீ நெஜமாத்தான் சொன்னியா?” அவன் குரல் உடைந்தது. “நான் பண்ணினதுக்கு அப்புறமும் எனக்குச் சொன்னியாடா? ஏன்டா?”

இங்கே ஒரு பெரிய மனுஷனாகிவிட தாவூத்துக்கு நல்ல வாய்ப்பு. ஃப்ரெண்டுடா, அதான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்மநாபன் காலம் முழுக்க அவன் முன்னால் தலை நிமிர முடியாது. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இந்த நிமிஷத்தில்தான் தாவூத்துக்கே தன் மனசு தெரிந்தது. தெரிந்ததும் வாய் கசந்தது.

“நீ நம்ப மாட்டேன்னு தெரியும். அதான் சொன்னேன்.”

பத்மநாபன் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். திட்டியிருந்தால்கூட தாவூத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மேலே திடலில் ஒலிபெருக்கி கரகரத்தது. வாலஸின் குரல். “டேவ், பேடி, எங்கே இரண்டு பேரும்? சாப்பாடு ஆறுகிறது. இவ்வளவு அருமையான தண்ணீரைத் தேடிக் கொடுத்த நம் டேவுக்கு எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்கள்!”

தட்டினார்கள், ஆறு வரைக்கும் கேட்டது. தாவூத் ராடை நீட்டினான். பத்மநாபன் வாங்கவில்லை, கீழேயும் போட முடியாமல் தாவூத்தே அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த இடத்திலிருந்து மேலே ஏற ஒரே ஒரு ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. அதையும் தாவூத்தான் பார்த்து வைத்திருந்தான். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக இரண்டு பேரும் அதில் ஏறினார்கள்.